சேர்வராயன் மலைச் சரிவில் வெப்பத் தாக்கு: ஒரு நாள் நடை, ஒரு நாய், ஒரு நிகழ்வு ஆய்வு

மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நாங்கள் மூன்று பேர் சேர்வராயன் மலையில் ஒரு நாள் நடை போனோம். கூட வந்த ஐந்து வயது லாப்ரடார் பகல் பன்னிரண்டரை மணிக்கு வெப்பத் தாக்கில் சுருண்டு விழுந்தது. நாய் பிழைத்துக்கொண்டது. ஆனால் பிழைத்ததில் எங்கள் பங்கைவிட ஒரு மலைக்கிராமத்துக்காரர்களின் பங்குதான் பெரிது. நேரங்களை ஃபோனில் எடுத்த படங்களிலிருந்தும் அழைப்புப் பதிவிலிருந்தும் சரிபார்த்து எழுதுகிறேன். பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

பின்னணி

நாய் என் நண்பருடையது. பெண் நாய், 34 கிலோ. ஐந்து கிலோவாவது குறைய வேண்டும் என்று மருத்துவர் முந்தைய ஆண்டே சொல்லியிருந்தார். சேலத்தில் வீட்டுக்குள் வளர்கிறது, கோடை இரவுகளில் ஏசி அறையில் தூங்கும். தினமும் காலை அரை மணி நேரம் தெருவில் நடை. தடுப்பூசிகள் எல்லாம் தவறாமல் போட்டாயிற்று. இதற்கு முன் இரண்டு முறை மலைக்கு வந்திருக்கிறது, இரண்டும் டிசம்பரில். அந்த இரண்டு நடைகளிலும் எங்களைவிட அதுதான் சுறுசுறுப்பாக இருந்தது. அந்த நினைப்பில்தான் மார்ச்சிலும் கிளம்பினோம்.

நண்பரும் அவர் மனைவியும் நானும் பத்து ஆண்டுகளாகச் சேர்ந்து நடப்பவர்கள். மலை எங்களுக்குப் புதிதில்லை. நாயோடு வெயிலில் நடப்பதுதான் புதிது. அதைப் புதிது என்று நாங்கள் நினைக்கவே இல்லை.

வழியைத் தேர்ந்தெடுத்தது

2018 மார்ச் 11 குரங்கணி தீ விபத்துக்குப் பிறகு வனத்துறை அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் மலையேற்றம் போக முடியாது, போகவும் கூடாது. நாயைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் நுழைவதில் இன்னொரு தவறும் இருக்கிறது. வீட்டு நாய்களிடமிருந்து டிஸ்டெம்பர் போன்ற நோய்கள் காட்டு விலங்குகளுக்குத் தொற்றும். அதனால் காட்டை விட்டுவிட்டு, தெரிந்தவர் ஒருவரின் காபித் தோட்டம் வழியாகவும் அதற்குக் கீழே மலைக்கிராமத்து மக்கள் நடக்கும் ஒற்றையடிப் பாதை வழியாகவும் போக முடிவு செய்தோம். தோட்டக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டோம். இதுவரை சரி.

தவறு வழியின் வடிவத்தில் இருந்தது. காரை மேலே, ஏறத்தாழ 1,350 மீட்டர் உயரத்தில் நிறுத்திவிட்டு, நாலரை கிலோமீட்டர் கீழே இறங்கி ஓர் ஓடையைத் தொட்டுவிட்டு அதே வழியில் ஏறி வருவது திட்டம். ஓடை கிட்டத்தட்ட 950 மீட்டரில் இருக்கிறது. இப்படிப்பட்ட நடையில் கஷ்டமான பாதி பின்னால் வருகிறது. காலையில் நிழலில் இறங்கிவிட்டு, உச்சி வெயிலில் நானூறு மீட்டர் ஏற வேண்டும். அடிவாரத்திலிருந்து ஏறும் நடையில் முடியவில்லை என்றால் திரும்பி இறங்கிவிடலாம். இதில் முடியவில்லை என்றாலும் ஏறித்தான் ஆக வேண்டும்.

ஏற்காட்டுக்கு இருக்கும் ‘ஏழைகளின் ஊட்டி’ என்ற பெயரும் எங்களை ஏமாற்றியது. சேலம் நகரம் 280 மீட்டர் உயரத்தில், ஏற்காடு 1,500 மீட்டரை ஒட்டி. இடையில் ஏழெட்டு டிகிரி வித்தியாசம் இருக்கும். அந்தக் குளிர்ச்சி உயரத்தால் வருவது. இறங்க இறங்க அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே போகிறோம் என்பது கார் கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்த காற்றில் எங்களுக்கு உறைக்கவில்லை.

இறக்கம்: 8.45 முதல் 10.25 வரை

ஆறரைக்கு நடக்கத் தொடங்குவதாக இருந்தது. வீட்டிலிருந்து கிளம்பவே தாமதமாகி 8.45க்குத்தான் தொடங்கினோம். நேரம் தப்பியது தெரிந்தும் தூரத்தைக் குறைக்கவில்லை. அன்றைய முதல் தவறான முடிவு இதுதான். முடிவு என்றுகூடச் சொல்ல முடியாது, யாரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

தோட்டத்துக்குள் சில்வர் ஓக் நிழல். பழம் பறித்து முடிந்திருந்தது, காபிப் பூவுக்கான மழை இன்னும் விழவில்லை. செடிகள் வாடி, மண் காய்ந்து கிடந்தது. நாய் வாலை ஆட்டிக்கொண்டு முன்னால் போனது. ஒன்பதரைக்குக் கிராமத்தை ஒட்டி வந்தபோது ஊர் நாய்கள் நான்கைந்து குரைத்துக்கொண்டு ஓடி வந்தன. சண்டை வந்துவிடக் கூடாதென்று நண்பர் நைலான் வாய்மூடியை மாட்டினார். வாயை இறுக்கிப் பிடிக்கும் வகை அது. ஊரைத் தாண்டியதும் கழற்ற மறந்து, நாற்பது நிமிடம் கழித்துத்தான் கழற்றினோம்.

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். உடம்புச் சூட்டை வெளியேற்ற அதற்கு இருக்கும் பெரிய வழி, வாயைத் திறந்து நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதுதான். வாயைக் கட்டினால் அந்த வழி அடைபடுகிறது. இறக்கத்திலேயே, நிழலிலேயே, சூடு ஏறத் தொடங்கியிருக்க வேண்டும் என்று மருத்துவர் பிறகு சொன்னார்.

ஓடைக்கரையில்: 10.25 முதல் 11.10 வரை

ஓடை ஓடவில்லை. பாறைக்குழிகளில் தேங்கிய தண்ணீர் மட்டும், மேலே பச்சையாகப் பாசி. ஐந்து லிட்டர் கொண்டுபோயிருந்தோம், மூன்று பேருக்கும் நாய்க்கும் சேர்த்து. ஓடையில் நிரப்பிக்கொள்ளலாம் என்ற கணக்கு அங்கேயே பொய்த்தது. கையில் இரண்டு லிட்டர் மிச்சம்.

நாய் நேராக அந்தக் குட்டைக்குப் போய் முன்னங்கால்களை மடக்கி வயிற்றைத் தண்ணீரில் வைத்தது. சங்கிலி என் கையில் இருந்தது. நான் இழுத்து வெளியே கொண்டுவந்தேன். தேங்கிய தண்ணீர், எலிக்காய்ச்சல் வரும் என்று பயம். கார் சீட் நாறும் என்ற எண்ணமும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அது மறுபடி போனது, மறுபடி இழுத்தேன். எலிக்காய்ச்சலுக்கான மருந்து அதற்கு ஆண்டுதோறும் போடும் கூட்டு ஊசியிலேயே இருக்கிறது என்பது எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை.

அன்றைக்கு எடுத்த முடிவுகளில் என்னை இன்றுவரை உறுத்துவது இதுதான். கிராமத்துக்காரர்கள் வந்த பிறகு குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி நாங்கள் செய்த வேலையை, அந்த நாய் கிட்டத்தட்ட இரண்டரை மணி நேரம் முன்பே தானாகச் செய்ய முயன்றது.

அங்கே நாங்கள் இட்லியும் தக்காளிச் சாதமும் சாப்பிட்டோம். நாய்க்குக் கொடுத்த பிஸ்கட்டை அது முகர்ந்துவிட்டு விட்டுவிட்டது. அது சாப்பாட்டை மறுத்து நான் பார்த்ததே இல்லை. “வெயில்ல, அப்புறம் தின்னும்” என்றார் நண்பர். நிழலிலேயே மூன்று மணி வரை உட்கார்ந்திருந்து வெயில் தாழ்ந்து ஏறலாமா என்று அவர் மனைவி கேட்டார். தண்ணீர் குறைவு, மாலைக்குள் வீடு போய்ச் சேர வேண்டும் என்று நாங்கள் இருவரும் மறுத்தோம்.

ஏற்றம்: 11.10 முதல் 12.27 வரை

ஓடையிலிருந்து கிராமத்துக்கு வரும் பாதியில் மரமில்லை. கறுத்த பாறையும் முழங்கால் உயரக் காய்ந்த புல்லும்தான். பாறையில் கை வைத்தால் ஐந்து விநாடி வைத்திருக்க முடியவில்லை. எங்கள் காலில் ஷூ இருந்தது.

11.35க்கு நாய் ஒரு புதர் நிழலில் படுத்தது. இரண்டு நிமிடம் விட்டு எழுப்பினோம். 11.48க்கு மறுபடி படுத்தது. அரை லிட்டர் தண்ணீர் கொடுத்தோம், வாய் வைத்துவிட்டுப் பாதியில் நிறுத்திவிட்டது. 12.05க்கு மூன்றாவது முறை. இந்தத் தடவை பாதையை விட்டு விலகி, ஒரு பாறையின் இடுக்கில் உடம்பை நுழைத்துக்கொண்டது. அப்போது எடுத்த படம் ஒன்று இருக்கிறது. நாங்கள் சிரித்துக்கொண்டே எடுத்த படம். அதைப் பெரிதாக்கிப் பார்த்தால் எல்லாம் தெரிகிறது. நாக்கு நுனி கரண்டி போல அகன்று, ஓரங்கள் மேலே மடிந்து தொங்குகிறது. வாயோரத்தில் எச்சில் நூலாக, பசை போல. கண்கள் எங்களைப் பார்க்கவில்லை.

சோம்பேறித்தனம் பண்ணுகிறது, எடை கூடிவிட்டது, வீட்டுக்குப் போனதும் சாப்பாட்டைக் குறைக்க வேண்டும் என்று பேசிக்கொண்டோம். அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஒவ்வொரு முறையும் எழுந்து வந்தது. கூப்பிட்டால் வரும் நாயை நாங்கள் ‘நடக்க முடிகிற நாய்’ என்று எடுத்துக்கொண்டோம். லாப்ரடார் வளர்ப்பவர்களுக்கு இது தெரிந்திருக்கும். தன் ஆட்கள் போனால் அது பின்னால் வரும், உடம்பு இடம் கொடுக்காவிட்டாலும் வரும்.

12.20க்குப் பின்னங்கால்கள் பின்னத் தொடங்கின, கள் குடித்தவர் நடப்பதுபோல. வாந்தி எடுத்தது, நுரையாக. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன், ஈறு செங்கல் நிறத்தில் சிவந்திருந்தது. 12.27க்குப் பக்கவாட்டில் சரிந்தது. எழவில்லை.

விழுந்த பிறகு முதல் இருபது நிமிடம்

நண்பர் உடனே தூக்கிக்கொண்டு காருக்கு ஓடலாம் என்றார். இருவருமாகத் தூக்கி முப்பது மீட்டர்கூடப் போயிருக்க மாட்டோம். மூச்சு வாங்கியது, கால் சறுக்கியது, நாயின் தலை தொங்கியது. கார் இன்னும் இரண்டரை கிலோமீட்டர் மேலே. அங்கேயே நிறுத்தி முதலில் குளிரவைப்போம், பிறகு தூக்குவோம் என்று நான் பிடிவாதமாகச் சொன்னேன். வெப்பத் தாக்கில் உள்ளுறுப்புகளைக் கெடுப்பது எவ்வளவு சூடு ஏறியது என்பதோடு, எவ்வளவு நேரம் அந்தச் சூடு நீடித்தது என்பதும்தான். ஒரு மணி நேரம் சுமந்துபோய்ச் சிகிச்சைக்குச் சேர்ப்பதைவிட, விழுந்த இடத்திலேயே சூட்டைக் குறைக்கத் தொடங்குவது முக்கியம். அன்று நாங்கள் சரியாக எடுத்த முதல் முடிவு இது.

நண்பரின் மனைவி 12.33க்குத் தண்ணீரும் ஆளும் தேடித் தனியாக மேலே ஓடினார். நாங்கள் நாயை ஒற்றை மரத்து நிழலுக்கு இழுத்தோம். மார்பைச் சுற்றியிருந்த பஞ்சு வைத்த ஹார்னஸைக் கழற்றியபோது அதன் அடியில் முடி அடுப்புக்கல் போலச் சுட்டது.

இங்கே இரண்டு தவறு செய்தோம். நண்பர் பதற்றத்தில் பாட்டிலை நாயின் வாய்க்குள் சாய்த்தார். அரை மயக்கத்தில் இருந்த நாய் இருமியது, உடனே நிறுத்தினோம். தண்ணீர் நுரையீரலுக்குள் போயிருந்தால் அது வேறு ஆபத்து. இரண்டாவது, நான் துண்டை நனைத்து முதுகின் மேல் போர்த்தினேன். நாலைந்து நிமிடத்தில் துண்டு வெந்நீரில் முக்கியதுபோல ஆகிவிட்டது. சூட்டை வெளியே விடாமல் போர்வையாகத்தான் அது வேலை செய்தது. எடுத்துப் போட்டுவிட்டு, மிச்சமிருந்த ஒன்றரை லிட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக வயிற்றிலும் தொடையின் உட்புறத்திலும் கக்கத்திலும் ஊற்றி, சாப்பாட்டு டப்பா மூடியால் விசிறினோம். ஈரமும் காற்றும் சேர்ந்தால்தான் சூடு இறங்கும். அந்த வகை நாய்க்கு முடி இரட்டை அடுக்கு. நியூஃபவுண்ட்லாந்தின் குளிர்ந்த கடலில் மீனவர்களோடு வேலை செய்த நாய்களின் வழியில் வந்தது. மேலே ஊற்றும் தண்ணீர் தோலைத் தொடாமல் வழிந்துவிடும், விரலால் முடியைப் பிரித்து ஊற்ற வேண்டியிருந்தது. 12.45க்குத் தண்ணீர் தீர்ந்தது.

டோலி

12.52க்கு நண்பரின் மனைவி திரும்பி வந்தார். கூட ஒரு பெரியவரும் இரண்டு இளைஞர்களும், ஆளுக்கொரு பிளாஸ்டிக் குடத்தோடு. ஊருக்கு இந்தப் பக்கமே, நாங்கள் காலையில் கவனிக்காமல் கடந்துபோன இடத்தில், ஊற்றுத் தண்ணீர் வரும் குழாய் ஒன்று இருந்திருக்கிறது.

பெரியவர் நாயின் காதைத் தொட்டுப் பார்த்தார். “அடி வயித்துல ஊத்துங்க தம்பி, தலையில வேண்டாம்” என்றார். மூன்று குடமும் ஊற்றினோம். இளைஞர்களில் ஒருவர் மறுபடி ஓடி இன்னொரு குடம் கொண்டுவந்தார். ஒன்று பத்துக்கு நாய் தலையைத் தூக்கியது. ஐந்து நிமிடத்தில் தானாக இரண்டு மடக்குக் குடித்தது. இரைப்பு இருந்தது, ஆனால் சீராக.

இனி எப்படிக் கொண்டுபோவது என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருந்தபோதே அவர்கள் மூங்கில் கழியில் கம்பளியைக் கட்டிவிட்டார்கள். சாலை இல்லாத மலைக்கிராமங்களில் நோயாளிகளையும் பிரசவ வலி வந்த பெண்களையும் இப்படித்தான் டோலி கட்டித் தூக்கிப்போகிறார்கள். “மனுசங்களையே இதுலதான் தூக்கிட்டுப் போறோம், இது என்ன கனம்” என்றார் பெரியவர். செய்தித்தாளில் படித்ததை அன்று தோளில் உணர்ந்தேன். முன்னாலும் பின்னாலும் ஆள் மாறி மாறித் தூக்கினோம். கம்பளி நாயின் மேல் மூடாமல் அடியில் மட்டும் இருக்கும்படி பார்த்துக்கொண்டு, வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தி வயிற்றை நனைத்தோம். 1.20க்குக் கிளம்பி 2.05க்குக் கார்.

மருத்துவமனையும் பிறகும்

சிக்னல் கிடைத்ததும் 1.45க்கே நண்பர் சேலத்தில் வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரைக் கூப்பிட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை, மலையில் யாரும் கிடைக்கவில்லை. கீழே இறங்கினால் சூடு கூடும், ஆனால் இரத்தப் பரிசோதனையும் டிரிப்ஸும் கீழேதான். ஏசியை முழுதாக வைத்து, பின் சீட்டில் ஈர நாயோடு நண்பரின் மனைவி உட்கார, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் நிதானமாக இறங்கினோம். 3.20க்குப் போய்ச் சேர்ந்தபோது நாயின் வெப்பநிலை 104.2 டிகிரி ஃபாரன்ஹீட். நாய்க்கு இயல்பு 101 முதல் 102.5 வரை. அவ்வளவு தண்ணீர் ஊற்றி, இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆன பிறகும் இது. விழுந்தபோது 106ஐத் தாண்டியிருக்கும் என்று மருத்துவர் ஊகித்தார். 103க்கு வந்ததும் குளிரவைப்பதை நிறுத்தச் சொன்னார், அதற்குக் கீழும் தொடர்ந்தால் வெப்பநிலை இயல்பைவிட இறங்கிவிடும்.

நாய் எழுந்து நின்று வாலாட்டியதும் வீட்டுக்குக் கூட்டிப் போகலாமா என்று நாங்கள் கேட்டோம். அவர் விடவில்லை. வெப்பத் தாக்கின் சேதம் ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத் தெரியும் என்றார். அப்படியே ஆனது. அன்று இரவு கறுப்பாக, இரத்தம் கலந்த பேதி. மறுநாள் பரிசோதனையில் இரத்தத் தட்டணுக்கள் குறைந்திருந்தன, சிறுநீரகப் பாதிப்பைக் காட்டும் கிரியேட்டினின் ஏறியிருந்தது. தட்டணுக்கள் குறைய உண்ணிக் காய்ச்சலும் காரணமாக இருக்கலாம் என்று அதற்கும் சோதித்தார், இல்லை. முன்னங்கால் பாதங்கள் இரண்டிலும் கொப்புளம். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தது. பத்தாம் நாள் எடுத்த இரத்தப் பரிசோதனை இயல்பாக இருந்தது.

அடுத்த ஞாயிறு கம்பளியைத் துவைத்து எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனோம். பெரியவர் பணத்தை வாங்கவில்லை. ஃபோனில் நாய் சாப்பிடும் வீடியோவைக் காட்டினோம், இரண்டு முறை பார்த்தார்.

எதை மாற்றுகிறோம்

காரணம் ஒன்றல்ல. எடை, ஏசிப் பழக்கம், தாமதம், வாய்மூடி, இறங்கி ஏறும் வழி, வற்றிய ஓடை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தன. எதையாவது ஒன்றை எடுத்துவிட்டிருந்தால் நாய் விழுந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் எல்லாம் சேர்ந்த பிறகும் நிறுத்துவதற்குத் தெளிவான இடங்கள் இருந்தன. பிஸ்கட்டை மறுத்தது, குட்டைக்குள் படுத்தது, 11.35க்கு முதல் முறை படுத்தது. நாய் தானாகப் படுத்தால் அங்கேயே நடை முடிந்தது, நிழலில் வெயில் தாழும்வரை இருப்பது என்பதை இப்போது விதியாக வைத்திருக்கிறோம். எழுப்பிப் பார்ப்பது கிடையாது.

பிப்ரவரி கடைசியிலிருந்து மழை தொடங்கும்வரை நாயோடு மலை நடை இல்லை. மற்ற மாதங்களில் விடிந்ததும் தொடங்கி, கஷ்டமான ஏற்றத்தை ஒன்பது மணிக்குள் முடிக்கும் வழி மட்டும். அரை மணி தாமதமானால் தூரம் பாதி. நாய்க்கென்று தனியாக மூன்று லிட்டர் தண்ணீர், ஓடையை நம்பிக் குறைப்பதில்லை. நைலான் வாய்மூடியைத் தூக்கிப் போட்டாயிற்று. கட்டாயம் என்றால் வாய் திறந்து இரைக்க இடமுள்ள கூண்டு வகை மட்டும். பையில் டிஜிட்டல் தெர்மாமீட்டரும், டோலி கட்ட ஒரு பழைய எட்டு முழ வேட்டியும். ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனையின் எண்ணைக் கிளம்பும் முன்பே மூன்று பேர் ஃபோனிலும் ஏற்றிக்கொள்கிறோம். எலிக்காய்ச்சல் பயத்துக்கும் ஒரு முடிவு செய்தோம்: தேங்கிய தண்ணீரைக் குடிக்க விடமாட்டோம், படுக்க விடுவோம்.

ஒரு விஷயத்தில் எங்களுக்குள் இன்னும் ஒத்துவரவில்லை. ஒருமுறை வெப்பத் தாக்கு வந்த நாய்க்கு மறுபடி வரும் வாய்ப்பு அதிகம் என்று மருத்துவர் எச்சரித்திருக்கிறார். நாய் இப்போது 30 கிலோவுக்கு வந்துவிட்டது. டிசம்பரில், தோட்டத்து நிழலுக்குள் மட்டும், காரிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் போகாமல் கூட்டிப் போகலாம் என்கிறார் நண்பர். நான் வேண்டாம் என்கிறேன். அவர் மனைவி இன்னும் எதுவும் சொல்லவில்லை. அன்று ஓடைக்கரையில் சரியாகச் சொன்னவர் அவர்தான் என்பதால், இந்தத் தடவை அவர் சொல்வதுதான் முடிவு என்று இருவரும் ஒப்புக்கொண்டிருக்கிறோம்.